ராணி வேசத்துக்கு ஆள் இல்லை

வருஷத்தில் ஒரு ராத்திரி மாரிசாமி பொம்பளையாக இருப்பான். மிச்ச நாளெல்லாம் தான் குடித்த கோப்பையைக்கூட எடுத்து வைக்க மாட்டான்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பதுளை பஸ் திரும்பிப் போகிற முடக்கையும் தாண்டி ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் கூத்து நடக்கும். தவத்தில் இருக்கிற சாமியை எழுப்பப் போன ராசா, சாமியின் கண்ணிலிருந்து வந்த நெருப்பில் எரிந்து சாம்பலாவான். ராணி அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாள். அழுது முடிகிற இடத்தில் அவள் தாலியை அறுப்பார்கள். ராசாவும் ஆம்பளை, சாமியும் ஆம்பளை, ராணியும் ஆம்பளை. அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாரிசாமிதான் ராணி. மீசையை மழித்து, மனைவி பாக்கியலெட்சுமியின் கூறைச்சேலையைக் கட்டி, அவளுடைய கண்மையை எடுத்துப் பூசிக்கொண்டு வந்து நின்றால் தெரியாதவர்கள் பொம்பளை என்றே சொல்வார்கள். அவன் அழ ஆரம்பித்தால் நாலு லயத்து வரிசை வீட்டுச் சனமும் மூக்கைச் சிந்தும். "ஒரு பொம்பளயால இப்பிடி அழ முடியுமா" என்று பொம்பளைகளே சொல்வார்கள். விடிந்த பிறகு மாரிசாமி சேலையை அவிழ்த்துப் போட்ட இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கிப்போவான். அதில் ஒட்டியிருக்கிற சாம்பலையும் சாயத்தையும் பாக்கியலெட்சுமி பீலியில் விழுகிற தண்ணியில் அலசி எடுப்பாள்.

அலசுகிறபோது அவளுக்கு வருவது அலுப்பு இல்லை. வேறொன்று. அந்த அழுகை அவளுடையது.

அவள் அம்மா கொழுந்து பறிக்கிற மலையில் செத்துப்போனாள். மழையில் சரிவு இறங்கும்போது சறுக்கி விழுந்தவள், தலையில் மாட்டிய கூடைக் கயிற்றை எடுக்காமலே போய்விட்டாள். வீட்டில் கிடத்தியபோது பாக்கியலெட்சுமி காலடியில் உட்கார்ந்து அழுதாள். யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தைகள் வந்தன.

மலையேறிப் போனவளே – எம்மா
மழையில நனஞ்சவளே
கூட எறங்கலையே – ஒங்
கூனு நிமிரலையே
எறங்காத கூடையோட – நீ
எங்க போயி நிறுக்கப் போற

வாசலில் பீடி குடித்துக்கொண்டு நின்ற மாரிசாமி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூட அவன் உள்ளே வரவில்லை. காதை மட்டும் உள்ளே வைத்திருந்தான். அடுத்த மாசியில் ராணி அதைப் பாடினாள். 'போனவளே' 'போனவரே' ஆகியிருந்தது. கூடை இருந்த இடத்தில் ராசாவின் வில் இருந்தது. எறங்காத வில்லோட நீங்க எங்க போயி நிக்கப் போறீங்க என்று மாரிசாமி நெஞ்சில் அடித்துக்கொண்டபோது, கைப்பிள்ளையோடு கூட்டத்தில் நின்ற பாக்கியலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்தில் நின்றவள் அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்து, "குடுத்து வச்சவ நீ" என்றாள்.

வீட்டில் கேட்டாள். "செத்த வீட்டுல பாடுனதுக்கு யாரு சொந்தம்," என்றான் அவன். "காத்தோட போறத நான் புடிச்சு வச்சிருக்கேன். சந்தோசப்படு."

அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவளால் வாய் திறக்க முடியவில்லை. ஒருமுறை திறந்தாள். "மாரிசாமி அண்ணன் பாட்டு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். மூடிக்கொண்டாள்.

இப்படி இருக்கையில்தான் தனுஜா மிஸ் கொழும்பிலிருந்து வந்தாள். நாடகம் படித்தவள். தோளில் பெரிய துணிப் பை, காதில் மரத்தில் செய்த தோடு. அப்பா பூனாகலைப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்தவராம். "நானும் லயத்துப் புள்ளதான்" என்று வந்த அன்றே எல்லாரிடமும் சொன்னாள். கணக்கப்பிள்ளை குவாட்டர்ஸில் பிறந்தவள் எந்த வழியாக லயத்துக்கு வந்தாள் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

உலகம் முழுக்க இப்போது பழைய நாடகங்களைப் பொம்பளைகள் மட்டுமே ஆடுகிறார்களாம். ராசா, படைத்தலைவன், கிழட்டு மந்திரி எல்லாருமே பொம்பளைகளாம். இந்தக் கூத்தையும் அப்படி ஆடி, பதுளை மண்டபத்தில் மேடையேற்றப் போவதாகச் சொன்னாள். பெண்கள் தங்கள் குரலை மீட்டெடுக்க வேண்டும் என்றாள். பாக்கியலெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

மறுநாள் மலையில் அதே கதைதான். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்கு மேலால் தண்ணி வழிந்து காலில் இறங்கியது.

"ஆம்பள வேசம் கட்டுறதுல என்னாடி கஷ்டம்," என்றாள் பெரியாயி. புருஷன் செத்துப் பல வருஷம் ஆனவள். வாய்க்குப் பயந்து கங்காணியே அவள் நிரைப் பக்கம் நிற்க மாட்டான். "கைலியத் தூக்கிக்கிட்டு, வெத்தலயப் போட்டுக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம ஒக்காந்திருக்கணும். அம்புட்டுத்தானே."

"அதுதாங்க்கா கஷ்டம். நமக்குச் சும்மா ஒக்காந்து பழக்கமில்லையே," என்றாள் பாக்கியலெட்சுமிக்கு அடுத்த நிரையில் நின்ற லெட்சுமி.

"நான் எரிக்கிற சாமி வேசம் கேக்கப் போறேன். கண்ணத் தொறந்தா எரியணும். இந்தத் தோட்டத்துல எரிய வேண்டியவனுங்க கொஞ்சமா இருக்கானுங்க."

"மொதல்ல யாரக்கா?"

"எம் புருஷன் முந்திக்கிட்டான். இல்லாட்டி அவன்தான்."

கங்காணி தூரத்திலிருந்து குரல் கொடுத்தான். "வாய் ஓடுற மாதிரி கையும் ஓடட்டும்."

"இவன ரெண்டாவதா வச்சுக்குவம்," என்றாள் பெரியாயி குனிந்தபடி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வேசம் பிரித்தார்கள். ராசாவுக்குப் போட்டி. மந்திரிக்குப் போட்டி. வாயிற்காவலனுக்கே அடிதடி. மீசை வைக்கிறதென்றால் பொம்பளைகளுக்கு இவ்வளவு ஆசையா என்று தனுஜா மிஸ் பூரித்துப்போனாள். பெரியாயி சாமியானாள். பாக்கியலெட்சுமிக்கு நல்ல உயரம், அதனால் மிஸ் அவளை ராசா என்றாள்.

"அப்ப ராணி யாரு?" என்று மிஸ் கேட்டாள்.

ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மிஸ் சிரித்தாள். "என்ன, பொம்பளை வேசத்துக்குப் பொம்பளை இல்லையா?"

இல்லைதான். ராணி தாலி கட்டிக்கொண்டு வர வேண்டும். அதை மேடையில் அறுப்பார்கள். ஏற்கெனவே தாலி கட்டியிருக்கிறவள் அதற்கு மேல் இன்னொன்றைக் கட்டி அறுக்கக் கொடுப்பாளா? லெட்சுமி தன் தாலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்படியானால் கட்டாத பிள்ளைகள். ஒருத்தியின் தாய் எழுந்தாள்.

"எம்மக கழுத்துல மொத மொதல்ல ஏறுறது அறுக்குற தாலியா மிஸ்? அப்புறம் யாரு வந்து கட்டுவான்?"

"அது வெறும் மஞ்சக் கயிறு, அம்மா. நாங்க கடையில வாங்குறது."

"எல்லாத் தாலியும் கடையில வாங்குறதுதான் மிஸ்."

மிஸ் பெரியாயியைப் பார்த்தாள். பெரியாயி தலையை ஆட்டினாள். "ஒருக்கா அறுத்தது போதும். நான் சாமி."

மிஸ் தன் பையிலிருந்து தண்ணிப் போத்தலை எடுத்துக் குடித்தாள். ராசாவைப் பற்றி அவள் எத்தனையோ புத்தகம் படித்திருப்பாள். ராணிதான் முட்டுக்கட்டையாக வருவாள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை போலும்.

"நான் கட்டுறேன்," என்றாள் பாக்கியலெட்சுமி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "ராணி வேசம் நான் கட்டுறேன் மிஸ். அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்."

அவள் இறங்கி லயத்துக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. வெளியில் நல்ல மழை. மாரிசாமி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் ஈரத் தலையைத் துவட்டிவிட்டு அடுப்பை மூட்டி, மாவைப் பிசைந்து, ரொட்டி தட்டினாள். தேங்காயும் கொச்சிக்காயும் மாசிக் கருவாடும் போட்டுச் சம்பல் இடித்தாள். இடிக்கிற சத்தத்துக்குத்தான் அவன் திரும்பினான்.

"நான் சாவணும்னு நேந்துக்கிட்டியா?"

"ரொட்டி வேணுமா வேணாமா?"

"கட்டுன புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில தாலி அறுக்கப் போறாளாம். ஊரு சிரிக்குது."

"வருஷா வருஷம் ஒங்க கழுத்துல அறுத்தாங்களே. நான் செத்தா போனேன்?"

"அது வேசம்."

"இதுவும் வேசந்தான்."

"ஆம்பள கட்டுனா வேசம். பொம்பள கட்டுனா அது தாலி." அவன் எழுந்து உட்கார்ந்தான். "இது தெரியாம ஒரு கொழும்புக்காரி வந்து ஆட்டுறா, நீங்கல்லாம் ஆடுறீங்க. ராணின்னா சும்மாவா? இடுப்பு வளையணும். அழுகை அடிவயித்துலருந்து வரணும். ஒனக்கு எங்க வரும்? ஒன்னோட வாழ்ந்ததுல ஒரு நாளு அழுது பாத்திருக்கேனா நான்?"

பாக்கியலெட்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். தன்னிடமிருந்து எடுத்ததைத் தனக்கு வராது என்கிறான். அவனைப் பார்க்க அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிற அந்த உடம்பைப் பார்த்தாள். பயத்தில் அவன் கை தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாசி அந்தக் கழுத்தில் தாலி அறுபட்டு, மறுநாள் சிரித்துக்கொண்டே சாராயம் குடித்தவன். இப்போது ஒரு மஞ்சக் கயிறு அறுந்தால் செத்துப்போவான்.

"எனக்குத் தாலி வேணாம்," என்றாள். "அறுக்கவும் வேணாம். பாட்டு மட்டும் வேணும்."

"பாட்டு என்னோடது."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் சம்பலைத் தொட்டுத் தின்றான். உறைப்புப் போதாது என்றான்.

அடுத்த ஞாயிறு கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயகுமார் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கூடவே மாரிசாமியும் வந்து தூணில் சாய்ந்து நின்றான். கமிட்டி ஒத்துக்கொண்டால்தான் தப்பு மேளமும் கிடைக்கும், ராசாவின் கிரீடமும் கிடைக்கும்.

"மிஸ், எங்களுக்கு முற்போக்கு வேணாம்னு இல்ல," என்றான் ஜெயகுமார். "ஆனா புருஷன் உசுரோட இருக்கிறவ தாலி அறுத்தா, நாளைக்கு அவருக்கு ஒரு காச்சல் வந்தாலும் கமிட்டியத்தான் கேப்பாங்க."

"அப்ப தாலி அறுக்காம ஆடுறம் மிஸ்," என்றாள் பாக்கியலெட்சுமி. "ராணி அழுதா போதும். நான் அழுறேன்."

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லக்கா. தாலி அறுக்கிறதுதான் இந்த நாடகத்தோட மையமே. அந்தக் காட்சிக்காகத்தான் நான் இதையே எடுத்தேன். அதை விட்டா என்ன இருக்கு?"

"பாட்டு இருக்கு."

"பாட்டும் இருக்கும்." மிஸ் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "ராணி வேண்டாம். ஒரு சேலை. ஒரு கம்பில வெறும் சேலையக் கட்டி நிறுத்துவம். அதுல தாலி. பெண் இல்லாத பெண். யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார்கள். கொல்லையில் காக்காய் விரட்ட வைக்கிறதைத்தான் மிஸ் சொல்கிறாள் என்று லெட்சுமி பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினாள்.

"கம்பு பாடுமா மிஸ்?" என்றாள் பெரியாயி.

"அதுக்கு அண்ணன் இருக்காரே," என்று ஜெயகுமார் முந்தினான். "திரைக்குப் பின்னால நின்னு பாடட்டும். மேடைக்கு வர மாட்டாரு. அப்ப மேடைல பொம்பளைங்க மட்டும்தானே."

தனுஜா மிஸ் மாரிசாமியின் அழுகையை யாரோ போனில் பிடித்ததைக் கேட்டிருந்தாள். அதைக் கேட்டுத் தான் அழுததாகச் சொன்னாள். "அந்தக் குரல் கட்டாயம் வேணும்," என்றாள்.

எல்லாரும் எழுந்து போன பிறகும் பாக்கியலெட்சுமி போகவில்லை.

"மிஸ், அது அவரு பாட்டு இல்ல. எங்கம்மா செத்தப்ப நான் அழுதது."

மிஸ்ஸின் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குச் சட்டென்று நிறையும். மறுபடி பாக்கியலெட்சுமியின் கையைப் பிடித்தாள். "தெரியும்கா. அது நம்ம எல்லாரோட அம்மாவுக்கும் அழுத பாட்டு. நாட்டார் பாட்டுன்னா அப்படித்தான். தனி ஆளுக்குச் சொந்தமில்ல, மக்களோட சொத்து."

மாரிசாமி ஒற்றை வரியில் சொன்னதைத்தான் இவள் படித்துவிட்டு வந்து நீட்டிச் சொல்கிறாள். பாக்கியலெட்சுமி கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் ராசா," என்றாள்.

"நீங்கதான் எங்க ராசா," என்றாள் மிஸ்.

கம்புக்குக் கட்ட நல்ல சேலை பதுளை ஸலீம் நானாவின் கடையிலிருந்து வந்தது. வாங்கப் போனவர்களிடம் அவர் சேலையை மூன்று முறை விரித்துக் காட்டி, "கம்புக்குக் கட்டுறதா? அப்ப ப்ளவுஸ் துணி தேவப்படாதே," என்று அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாராம். இந்த வேலையில் மூளை கலங்காமல் இருந்த ஒரே ஆம்பளை அவர்தான் என்று பெரியாயி சொன்னாள்.

நாடகத்தன்று பின்னேரம் பதுளையில் பேய் மழை. மண்டபத்துத் தகரத்தில் அடித்த அடியில் வரவேற்புரை யாருக்கும் கேட்கவில்லை, அது ஒரு புண்ணியம். முன் வரிசையில் பெரிய ஆட்கள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கூத்தைப் பொம்பளைகள் எப்படிக் கெடுக்கிறார்கள் என்று பார்க்கத் தோட்டத்திலிருந்து லொறி பிடித்து வந்த ஆம்பளைகள் சுவர் ஓரமாக நின்றார்கள்.

கெடுக்கவில்லை. பாக்கியலெட்சுமி ஒட்டு மீசையும் கிரீடமுமாக வந்து நின்றபோது சுவர் ஓரத்துச் சிரிப்பு நின்றுபோனது. மீசைப் பசை அரித்தது. அரித்த இடத்தை அவள் மீசையை முறுக்குவதுபோலச் சொறிந்தாள், பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியாயி சாமியாகக் கண்ணைத் திறந்தபோது முன் வரிசையில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். சிவப்புத் துணியை வீசினார்கள். ராசா எரிந்து விழுந்தான். மேலே சாம்பலைத் தூவினார்கள்.

இரண்டு பிள்ளைகள் கம்பைக் கொண்டுவந்து நட்டார்கள். கத்தரிப்பூ நிறச் சேலை. அதன் மேல் தாலி. பொம்பளைகள் மட்டுமே ஆடுகிற நாடகத்தில் பொம்பளையாக நின்றது அந்தக் கம்பு ஒன்றுதான்.

திரைக்குப் பின்னால் தப்பு மெல்ல இறங்கியது. மாரிசாமி தொண்டையைச் செருமினான்.

மலையேறிப் போனவரே – என்
மாலையிட்ட மன்னவரே

பாக்கியலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு சாம்பலில் கிடந்தாள். அவள் செத்துக் கிடக்கிறாள், அவளுடைய புருஷன் அவளுக்காக அழுகிறான். உண்மையாகச் செத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அன்றைக்கும் இவன் வாசலில் நின்று இதைத்தான் பாடுவான். அவள் அம்மாவுக்கு அழுததை எடுத்து அவள் பிணத்துக்கே போர்த்துவான். சனம் மூக்கைச் சிந்தும். குடுத்து வச்சவ என்று சொல்லும்.

வில்லு எறங்கலையே –

ராசா எழுந்து உட்கார்ந்தான்.

பின்னால் ஒரு பிள்ளை "ஐயோ" என்றது. பாக்கியலெட்சுமி சாம்பலைத் தட்டாமல் எழுந்தாள். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். மீசையை எடுக்கவில்லை, அதன் ஞாபகம் அவளுக்கு இல்லை. கம்பைப் பார்க்கவும் இல்லை. மேடையின் நடுவில், வீட்டில் பிணத்தின் காலடியில் உட்கார்வதுபோலக் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

கூட எறங்கலையே – ஒங்
கூனு நிமிரலையே

குரல் பெரிதாக இல்லை. குறைந்திருந்த மழைக்கு மேலாக ஏறுகிற அளவுக்கு இருந்தது. திரைக்குப் பின்னால் மாரிசாமி "வில்லு" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான், சத்தமாக. அவள் நிறுத்தவில்லை. தப்படிக்கிறவர்கள் ஆம்பளைகள்தான், ஆனால் எது சாவு என்று கைக்குத் தெரியும். கூத்து அடியை விட்டுவிட்டு எழவு வீட்டு அடிக்கு மாறினார்கள். அதற்கு மேல் மாரிசாமியின் குரல் கேட்கவில்லை.

அவள் அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதாள். அம்மா எந்த மலையில் விழுந்தாள், அன்றைக்கு எப்படி மழை பெய்தது, கயிறு நெற்றியில் எப்படிப் பதிந்திருந்தது எல்லாம் வந்தது. அன்று அழாததும் வந்தது. சுவர் ஓரத்தில் நின்ற ஆம்பளைகளில் ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தாலி அறுக்க வேண்டியவள் லெட்சுமி, கையில் கத்தியோடு ஓரத்தில் நின்றாள். சாமியாக நின்ற பெரியாயியைப் பார்த்தாள். பெரியாயி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். கம்பும் தாலியும் அப்படியே நின்றன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் முன் வரிசை எழுந்து நின்று தட்டியது. தனுஜா மிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள். மரணித்த அரசனே எழுந்து தனக்குள் இருக்கும் பெண்ணைக் கண்டடைவது என்ற இந்த முடிவை எடுப்பதற்குத் தாங்கள் நெடுங்காலம் உழைத்ததாகச் சொன்னாள். முன் வரிசை மறுபடி தட்டியது. பாக்கியலெட்சுமி உதட்டின் மேல் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பிய்த்தெடுத்தாள்.

ஆடினவர்கள் வேனில் திரும்பினார்கள். கண்ணாடியில் மழை ஓடியது. மாரிசாமி முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தான். முடக்குகள் ஏற ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"அந்த எடத்துல எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு," என்று டிரைவரிடம் சொன்னான். "சரி, பொம்பளைங்க நாடகந்தானே, அவளே பாடட்டும்னு விட்டுட்டேன்."

டிரைவர் கியரை மாற்றினான்.

"விட்டுக் குடுத்தேன்," என்றான் மாரிசாமி, கொஞ்சம் சத்தமாக.

பின்னால் ஒருத்தி கேட்டாள், கேலிக்கில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். "அப்ப வார மாசிக்கு எதண்ணே பாடுவீங்க? இனி அதப் பாடுனா எல்லாருக்கும் இவ அம்மா நெனப்புத்தானே வரும்."

மாரிசாமி திரும்பிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் மனைவியின் முகத்தைப் பார்த்து எதையோ கேட்பதுபோல இருந்தான்.

"பசறையில ஒங்களப் பெத்த ஆத்தா இன்னும் இருக்குல்ல," என்றாள் பாக்கியலெட்சுமி. "அது போறப்ப உள்ள போயி காலடியில ஒக்காருங்க. அழுதா வரும்."